நாலு மணிக்கு இசக்கித்தாய் சொன்னது

உப்பளத்துப் பெண்களின் பேச்சைச் சேகரிக்க வந்து ஓடைக்குடியிருப்பில் ஏழு மாதம் தங்கியிருந்த சுகிர்தா என்ற நாகர்கோவில் பெண், மேற்படிப்புக்கு வெளிநாடு கிளம்பிய அன்று, தன்னுடைய மினிடிஸ்க் ரெக்கார்டரை ராஜக்கனியின் கையில் வைத்துவிட்டுப் போனாள். சோப்பு டப்பா அளவில் ஒரு மெஷின், அதற்குள் போடுவதற்குப் பிளாஸ்டிக் கூட்டில் அடைத்த சின்னஞ்சிறு வெள்ளித் தட்டுகள் பதினொன்று, ஒரு மைக், காதில் மாட்டிக் கேட்க ஒரு ஹெட்போன், இவற்றோடு கோடுபோட்ட நோட்டில் நாலு பக்கத்துக்குச் சுகிர்தாவே தமிழில் எழுதிய குறிப்பு. எந்தப் பட்டனை அமுக்கினாலும் அசையாமல் கிடந்தால் பக்கவாட்டில் இருக்கிற பூட்டு விசை தள்ளியிருக்கும், இழுத்துவிடுங்கள்; பதிய மறுத்தால் தட்டின் ஓரத்துக் குட்டிக் கதவு திறந்திருக்கும், மூடுங்கள்; கடல்காற்றில் உள்ளே வேர்த்துப்போனால் தட்டை வெளியே எடுத்துவிட்டு அரைமணி நேரம் சும்மா வையுங்கள்; பேட்டரி முனையில் உப்புப் பூத்தால் பென்சில் அழிக்கிற ரப்பரால் துடையுங்கள்; பதிந்து முடித்ததும் டி.ஓ.சி. என்று மூன்று எழுத்து மினுக்கும், அது அணைகிறவரைக்கும் மெஷினை அசைக்காதீர்கள், கேட்டதையெல்லாம் அப்போதுதான் அது தன் ஏட்டில் எழுதிக்கொள்கிறது.

ராஜக்கனிக்கு நாற்பத்திரண்டு வயது. அளத்துப் பெண்கள் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. கடலிலிருந்து ஊருக்குள் ஏறிவருகிற பெரிய ஓடையின் தண்ணீரில்தான் நாற்பது குடும்பத்தின் உப்புப் பாத்திகளும் விளைந்தன. அந்த ஓடைக்காகப் பேசப் போகிற இடமெல்லாம் அவள் போனாள். உப்பு அறுத்து வெடித்த அவளுடைய விரலுக்கு அந்த மெஷினின் பட்டன்கள் மிகச் சின்னதாக இருந்ததால், நோட்டில் படித்ததையெல்லாம் இசக்கித்தாய்க்குச் சொல்லிக்கொடுத்தாள். இருபது வருஷமாக ஒரே பாத்தியில் அவளோடு உப்பு வாரியவள் இசக்கித்தாய். ஒரே தூக்குவாளியில் இருவரும் கஞ்சி குடித்தவர்கள். அவள் விரல் மெல்லிசு. ஒரு பேச்சை எந்த இடத்தில் வெட்டுவது, வெட்டிய துண்டை எப்படி முன்னும் பின்னும் நகர்த்துவது, நகர்த்தியதை எப்படி ஒட்டுவது என்பதையெல்லாம் ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டாள். ராஜக்கனி பேசுவாள், இசக்கித்தாய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஊருக்கு இருவரையும் அப்படியே பார்த்துப் பழகிவிட்டது.

சுகிர்தா போன மூன்றாம் நாள் மத்தியானம் இருவரும் ஒரு பழைய தட்டைப் போட்டுப் பார்த்தார்கள். போன வருஷம் மழை வந்த அன்று ஜெயக்கொடி கத்தியது அதில் இருந்தது. அதே நேரத்தில் ரேஷன் கடை வரிசையில், மண்டை பிளக்கிற வெயிலில், சீனிக்கு நின்றுகொண்டிருந்த ஜெயக்கொடி வாயைத் திறந்து, "மழ வருதுட்டி, உப்ப மூடுங்கட்டி, ஓலைய எடுத்துட்டு ஓடியாங்கட்டி" என்று கத்தினாள். கத்திவிட்டுத் திருதிருவென்று விழித்தாள். இரண்டாம் தடவை போட்டார்கள், இரண்டாம் தடவையும் கத்தினாள். தட்டில் யார் பேச்சு ஓடுகிறதோ அவர்கள் எங்கே இருந்தாலும் அந்த நேரத்தில் அந்தப் பேச்சை அதே குரலில், அதே மூச்சில், ஒரு எழுத்துப் பிசகாமல் மறுபடியும் சொன்னார்கள் என்பது அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சுகிர்தா இருந்தவரைக்கும் அப்படி நடந்ததில்லை. ஏன் இப்போது நடக்கிறது என்று யாரும் கேட்கவுமில்லை. கிணற்றில் திடீரென்று நல்ல தண்ணீர் ஊறினால் குடத்தை எடுப்பார்களா, காரணம் கேட்பார்களா?

அதற்கு ஊர் சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டது. சாப்பாட்டு வேளையில் யார் பேச்சையும் போடக்கூடாது, சோறு தொண்டையில் அடைக்கும். துட்டி கேட்கச் சாவு வீட்டுக்குப் போயிருக்கிறவர்களின் தட்டைத் தொடக்கூடாது. கப்பலில் வேலைபார்க்கிற மகனின் குரலைக் கேட்க ஆசைப்பட்ட தாய் ஒருத்தி, அவன் லீவுக்கு வந்திருந்தபோது, "சாப்பிட்டியாம்மா, காலு வலி எப்படியிருக்கு" என்று கேட்டதைப் பதிந்துவைத்து நினைத்தபோதெல்லாம் போட, அவன் நடுக்கடலில் கேப்டன் முகத்துக்கு நேராக அதைக் கேட்கும்படி ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் மட்டும் போடச்சொல்லி அவன் கடிதம் எழுதினான். குடிகாரப் புருஷனின் சத்தியத்தைப் பதிந்துவைத்த இன்னொருத்தி சாயங்காலம் ஆறு மணிக்குத் தவறாமல் போட்டாள். அவன் கையில் கிளாஸைப் பிடித்தபடி, "எங்கம்மை மேல சத்தியமா இனிமே தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு மடக்கென்று குடித்தான். சிரித்துச் சிரித்துக் கடைக்காரனுக்கு வயிறு புண்ணாயிற்று. இதிலிருந்தெல்லாம் ஊர் ஒரே ஒரு விதியைக் கண்டுபிடித்து மனசில் எழுதிக்கொண்டது. சொல்லாத வார்த்தையை மெஷின் சொல்லவைக்காது. ஒருத்தர் வாயில் அது வருகிறதென்றால் என்றைக்கோ ஒருநாள் அவர் வாய் அதைச் சொல்லியிருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் ஓடையை மண்போட்டு மூடி, கரி கொட்டிவைக்கிற இடமாக்க ஒரு கம்பெனி வந்தது. முதலில் பேச வந்த மேனேஜர் குலசேகரன் நல்ல மனுஷன் மாதிரி கருப்பட்டிக் காப்பியை வாங்கிக் குடித்துவிட்டு, "ஓடையில ஒரு கூடை மண்ணு விழாதும்மா, அதுக்கு நான் பொறுப்பு" என்றான். இசக்கித்தாயின் மடியில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அளவெடுக்கிறவர்கள் கயிற்றோடு வந்தபோதெல்லாம் பெண்கள் அந்தத் தட்டைப் போட்டார்கள். குலசேகரன் மேலதிகாரிகளோடு கூட்டத்தில் இருக்கும்போதும், மாமனார் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்போதும், கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போதும், "ஓடையில ஒரு கூடை மண்ணு விழாதும்மா" என்று சொன்னான். நாற்பது குடும்பமும் நிம்மதியாகத் தூங்கியது. ஒருத்தன் வாக்கு நம் கையில் இருக்கிறதென்றால் வேறென்ன வேண்டும்?

மாசி மாதம் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று தண்டோரா போட்டார்கள். கல்யாண மண்டபத்தில் பந்தல், மேடையில் பெரிய அதிகாரி, அவருக்குப் பக்கத்தில் குலசேகரன், வீடியோ எடுக்க இரண்டு பேர். திட்டம் ராஜக்கனியுடையதுதான். அவள் எழுந்து நாலு வார்த்தை பேசுவாள். பேசி முடித்ததும் கையைத் தூக்குவாள். இசக்கித்தாய் பட்டனை அமுக்குவாள். மேடையிலேயே, அத்தனை பேருக்கு முன்னால், குலசேகரன் தன் வாயால் தன் வாக்கைச் சொல்லுவான்.

ராஜக்கனி பேசினாள். ஓடை எங்கள் தாய் என்றாள், கை தட்டினார்கள். கையைத் தூக்கினாள். மூன்றாவது வரிசையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த இசக்கித்தாய் அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

குலசேகரனின் வாய் மூடியே இருந்தது. ராஜக்கனியின் வாய் திறந்தது.

"இந்த ஓடை எங்களுக்கு வேண்டாம். மூடிருங்க. எங்களுக்கு முழுச் சம்மதம்."

கையால் வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்குள்ளிருந்து அது மறுபடியும் வந்தது, சன்னமாக, ஆனால் மைக்குக்குக் கேட்கிற அளவுக்கு. அதிகாரி தலையை ஆட்டினார், ஒருவர் எழுதிக்கொண்டார், வீடியோக்காரன் கிட்டே வந்து அவள் முகத்தை எடுத்தான். "நான் சொல்லல, இது நான் சொல்லல" என்று அவள் அலறியதை ஒரு பொம்பளையின் படபடப்பு என்று நினைத்து யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள்.

வெளியூர்க்காரர்கள் நம்பியது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. ஊர் நம்பியது. ஏனென்றால் ஊருக்கு அந்த மெஷினின் விதி தெரியும். ஒருத்தரும் அவளைத் திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை; மண்டபத்திலிருந்து இறங்கி நடந்தபோது அவளுக்கு முன்னால் போனவர்கள் கொஞ்சம் வேகமாகவும் பின்னால் வந்தவர்கள் கொஞ்சம் மெதுவாகவும் நடந்தார்கள், அவ்வளவுதான். வீட்டில் அவள் புருஷன் தங்கபாண்டி வேட்டியைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"எப்ப சொன்ன?" என்றான்.

"நீங்களுமா கேக்கிய?"

"சொல்லாம வாயில வராதுல்லா. எப்ப சொன்ன, யாருகிட்ட சொன்ன, அத மட்டும் சொல்லு."

இருபத்து நாலு வருஷம் கூடக் குடித்தனம் செய்தவன்.

மறுநாள் காலையில் மெஷின் அவள் வீட்டு வாசலில் துண்டில் சுற்றிக் கிடந்தது. பட்டனை அமுக்கினாள், அசையவில்லை. பூட்டு விசை தள்ளியிருந்தது, இழுத்துவிட்டாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். கேட்கக் கேட்க அவள் வாயும் அதையே சொல்லிற்று. அடுப்படியில் தனியாக உட்கார்ந்து தன் வாய் சொல்வதைக் காதால் கேளாமல், அதற்குப் பின்னால் என்ன கேட்கிறது என்று மட்டும் கவனித்தாள். 'இந்த ஓடை எங்களுக்கு' என்பதற்குப் பின்னால் மழை பெய்தது. அது சங்கக் கூட்டத்தில் பேசியது, 'தாயி மாதிரி' என்று முடிந்த பேச்சு. 'வேண்டாம்' என்பதற்குப் பின்னால் டீக்கடை கிளாஸ்கள் உரசின. அது யாரோ இரண்டாவது டீ நீட்டியபோது சொன்னது. 'மூடிருங்க' குழம்புச் சட்டிக்குச் சொன்னது, ஈ மொய்த்த சத்தம்கூடக் கேட்டது. 'எங்களுக்கு முழுச் சம்மதம்' என்பதற்குப் பின்னால் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மகள் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்ன வார்த்தை அது. அன்றைக்கு மெஷினைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்கி, பக்கத்தில் நின்றவள் இசக்கித்தாய்.

ராஜக்கனி ஹெட்போனை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். கேட்டுப் பாருங்கள், மழை கேட்கிறதா, நாதஸ்வரம் கேட்கிறதா என்று ஒவ்வொருத்தர் காதிலும் மாட்டினாள். ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் அவள் வாய், அவர்கள் முகத்துக்கு நேராக, எங்களுக்குச் சம்மதம் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. சிலர் கேட்டார்கள். சிலர் கதவைத் திறக்கவில்லை. ஜெயக்கொடி முழுதாகக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றிக் கையில் கொடுத்தாள்.

"கேக்குதுக்கா. ஒட்டுனதுதான். இல்லைங்கல." கதவில் கையை வைத்தாள். "ஆனா எல்லாம் நீ சொன்ன வார்த்ததான?"

அதற்குள் கூட்டத்தின் அறிக்கை அச்சாகிவிட்டிருந்தது. சித்திரை பிறப்பதற்குள் செம்மண் லாரிகள் வந்தன. ஓடை மூன்று நாளில் மூடியது. பாத்திகளில் கிடந்த தண்ணீர் காய்ந்து, வெடித்து, காற்றடித்தால் வெள்ளைப் புழுதி பறந்தது.

லாரிகள் நின்ற மறுநாள் ராஜக்கனி இசக்கித்தாய் வீட்டுக்குப் போனாள். மெஷின் மடியில் ஓடிக்கொண்டிருந்தது. இசக்கித்தாய் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டுப் புடைப்பதை நிறுத்தாமல், "வா" என்றாள்.

"நீதான?"

"ஆமா. நாந்தான் வெட்டுனேன். நாந்தான் ஒட்டுனேன். ராஜக்கனி அப்படிச் சொல்லல." யாரோ மூன்றாவது ஆளிடம் சொல்வதுபோலச் சொன்னாள். மடியில் மெஷின் இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். எத்தனையோ பேருக்கு முன்னால் தன் மடியில் அதை ஓடவிட்டவள் அவள்தானே.

"என்னத்துக்குட்டி? யாரு என்ன தந்தான் ஒனக்கு?"

"ஒருத்தனும் ஒண்ணும் தரல." முறத்தைக் கீழே வைத்தாள். "ஏம் புள்ள சுடலைமுத்து. ஏழு வயசு. அந்த ஓடையிலதான் போனான். பதினோரு வருசமாச்சு. ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். ஊருக்கே தெரியும். ஓடையில் முங்கிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் தங்கபாண்டியும் ஒருத்தன்.

"நாப்பது பொம்பளைய வந்து, ஓடை எங்க தாயி, ஓடை எங்க தாயின்னு சொன்னிய. நீங்க சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டிய. காதுல மாட்டிக்கிட்டு அத முழுசாக் கேட்டவ நானு. நல்லாப் பதிஞ்சிருக்கான்னு ரெண்டாந்தரம் கேட்டவ, வெட்டி ஒட்டணும்னு மூணாந்தரம் கேட்டவ. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, இசக்கி, நீ சொல்லுன்னு அந்த மைக்க ஏம் பக்கம் திருப்பினியா?"

"நீ சொல்லியிருக்கலாம்லா."

"நீ கேட்டிருக்கலாம்லா."

"அதுக்கு ஏம் வாயிலயா வைப்ப? அந்த மேனேஜர் வாயில வச்சிருக்கலாம்லா. ஏம் வாயில ஏம்ட்டி வச்ச?"

"ஊரு ஒன் வாயத்தான நம்புச்சு" என்றாள் இசக்கித்தாய்.

ராஜக்கனி வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, ஹெட்போனை மாட்டினாள். தடித்த விரலால் அந்தச் சின்னப் பட்டன்களை ஒவ்வொன்றாகத் தடவித் தடவி, நோட்டைப் பார்த்து, சாயங்காலம்வரை உட்கார்ந்து வெட்டினாள். 'ராஜக்கனி அப்படிச் சொல்லல' என்பதோடு வைத்துக்கொண்டாள். அதற்கு முன்னால் தன் கேள்வியையும், பின்னால் சுடலைமுத்துவையும் அழித்தாள். அழிக்கலாமா என்று மெஷின் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் அமுக்கினாள்.

பாத்திகள் போனபிறகு பெண்களெல்லாம் வேன் ஏறி இறால் தோல் உரிக்கிற கொட்டடிக்கு வேலைக்குப் போனார்கள். சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பி வந்து, குடிதண்ணீர் வண்டிக்கு வரிசையில் குடத்தை வைப்பார்கள். ஊரே கூடுகிற இடம் இப்போது அது ஒன்றுதான். அடுத்த நாள் நாலு மணிக்கு ராஜக்கனி தன் வீட்டுக்குள் இருந்து பட்டனை அமுக்கினாள். வரிசையில் நின்ற இசக்கித்தாய் வாயைத் திறந்து, ஊர் கேட்க, "ஆமா. நாந்தான் வெட்டுனேன். நாந்தான் ஒட்டுனேன். ராஜக்கனி அப்படிச் சொல்லல" என்றாள்.

அன்று குடங்கள் உருண்டன. ஒருத்தி அவள் முகத்தில் துப்பினாள். ஜெயக்கொடி ஓடிவந்து ராஜக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தங்கபாண்டி அன்றைக்குத்தான் வெகுநாளைக்குப் பிறகு அவளிடம் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டான். இரண்டாம் நாளும் அமுக்கினாள், கூட்டம் கூடியது. பத்தாம் நாள் அமுக்கினாள், சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மாசக் கணக்கில் அமுக்கினாள். பஸ்ஸில் போனாலும், காய்ச்சலில் கிடந்தாலும், அண்ணன் மகள் சடங்கு வீட்டில் பந்தியில் நின்றாலும் நாலு மணிக்கு இசக்கித்தாய் சொன்னாள். யாரிடமும் கெஞ்சவில்லை, ஊரைவிட்டுப் போகவில்லை. சொல்லி முடித்ததும் வாய் வெடுக்கென்று மூடிக்கொள்ளும், குடத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு அடி முன்னால் போவாள். வருஷம் திரும்புவதற்குள் அந்த வார்த்தைக்கு ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "இசக்கி சொல்லிட்டாளா? அப்ப வண்டி வந்துரும், குடத்த எடு" என்று பேசிக்கொண்டார்கள். பச்சைப் பிள்ளைகள் அவள் மாதிரிச் சொல்லி விளையாடின. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் அது என்ன என்று கேட்டதற்கு, அது ஒரு பழைய சங்கதி என்றாள் ஜெயக்கொடி.

ராஜக்கனி மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் தன்னிடம் என்ன மிச்சமிருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டாம் வருஷம் ஆடிமாதம் மெஷின் படுத்துவிட்டது. தட்டைப் போட்டால் கிர்ரென்று மூன்று சுற்றுச் சுற்றி நின்றது. தட்டு உள்ளே இருக்கும்போதே தட்டு இல்லை என்று எழுதிக் காட்டியது. பூட்டு விசையைப் பார்த்தாள்; பேட்டரி முனையை ரப்பரால் துடைத்தாள்; வேர்த்திருக்கும் என்று தட்டை வெளியே எடுத்து அரைமணி நேரத்துக்குப் பதில் அரைநாளே வைத்தாள்; வேறு தட்டுகள் பத்தையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். அன்று நாலு மணி சத்தமில்லாமல் கடந்தது. நேரம் தெரியாமல் மூன்று பெண்கள் தண்ணீர் வண்டியைத் தவறவிட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் தரையில் பேப்பரை விரித்து, மூக்குக்கண்ணாடி திருப்பும் குட்டித் திருப்புளியால் மெஷினைப் பிரித்தாள். மூடி ஒருபக்கம், பேட்டரி ஒருபக்கம், தட்டு ஒருபக்கம், நூல் கனத்தில் மயிர்மாதிரி இரண்டு கம்பிகள் அறுந்து ஒருபக்கம். உள்ளே எல்லாம் உப்பு. சின்னக் கண்ணாடிக் கண்ணில்கூட உப்புப் பூத்திருந்தது. சேலைத் தலைப்பின் நுனியால் அதைத் தொட்டுத் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது தெருக்கோடியிலிருந்து குரல் வந்தது.

"ஆமா. நாந்தான் வெட்டுனேன். நாந்தான் ஒட்டுனேன்."

ராஜக்கனி பேப்பரைப் பார்த்தாள். மூடி, பேட்டரி, தட்டு, எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. எழுந்து வாசலுக்குப் போனாள். வரிசையில் எட்டாவதாக நின்றிருந்த இசக்கித்தாய், குடத்தை இடுப்பில் வைத்தபடி, யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ராஜக்கனி அப்படிச் சொல்லல."

தினமும் வெடுக்கென்று மூடுகிற வாய் இன்றைக்கு மூடவில்லை. ஒரு மூச்சு எடுத்தாள்.

"ஏம் புள்ள சுடலைமுத்து. ஏழு வயசு. அந்த ஓடையிலதான் போனான்."

ஒருத்தரும் திரும்பவில்லை. வண்டி வந்துவிட்டது, குடங்கள் இடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்தன, இசக்கித்தாயும் ஒரு அடி முன்னால் போனாள். ராஜக்கனி வாசலிலேயே நின்றாள், வரிசை முழுதும் பிடித்து முடிக்கிறவரைக்கும். இசக்கித்தாய் நிறைகுடத்தோடு அந்த வழியாகத்தான் போனாள். இருவரும் ஒருத்தரையொருத்தர் பார்த்தார்கள்.

பின்னாலேயே ஜெயக்கொடி வந்தாள்.

"நேத்துச் சத்தத்தையே காணும், தண்ணி போச்சு" என்றாள் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு. "மெஷினு சரியாயிட்டு போல, யக்கா?"

ராஜக்கனி உள்ளே கிடந்த பேப்பர் கண்ணில் படாதபடி கதவை மறைத்து நின்றாள்.

"ஆயிட்டு" என்றாள்.